வெள்ளிக்கிழமைச் சத்தம்: பழைய காரின் அடியில் வந்து வந்து மறையும் ஒலியைத் தேடிப் பிடித்தல்

என் காருக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருத்தம் வரும். திருகோணமலை உப்புவெளியிலிருந்து பெரியம்மாவையும் சித்தியையும் ஏற்றிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போவோம். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில், பின்பக்கம் எங்கோ அடியில் ‘டொக்’ என்று ஒரு அடி விழும். கொஞ்சத் தூரம் போக இன்னொன்று. சனிக்கிழமை கராஜுக்குக் கொண்டுபோனால் கார் வாயே திறக்காது. மெக்கானிக் பாஸ் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, பின் லிங்க் ரெண்டும் தேஞ்சிருக்கும், மாத்திப் பாப்பம்” என்றார். மாற்றினோம். அடுத்த வெள்ளி மறுபடியும் டொக். பிறகு சொக் அப்சோபர் இரண்டும் மாறின. கார் கொஞ்சம் மெத்தென்று ஓடியது, சத்தம் அப்படியே இருந்தது.

கார் 1997ஆம் ஆண்டு ஜப்பான் கார். 2020இல் கார் இறக்குமதி நின்று 2025இல்தான் மறுபடி தொடங்கியதால் நம் ஊரில் பழைய கார்களுக்கு ஆயுள் கூடிவிட்டது. அவற்றின் முனகலும் கூடிவிட்டது. அதிலும் நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் கார் என்றால் அடிப்பக்கத்தை உப்புக்காற்று தின்றுகொண்டே இருக்கும். சத்தம் வருவதில் ஆச்சரியமில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் தலைவலி. நான் இரண்டு முறை காசு கொட்டிய பிறகு கற்றுக்கொண்ட ஒழுங்கு இது: எது கழன்றிருக்கிறது என்று தேடப் போகுமுன், சத்தம் எப்போது வருகிறது என்று எழுதி வையுங்கள். ‘எப்போது’ தெரிந்தால் ‘எது’ பாதி தெரிந்த மாதிரி.

முதலில் காரைக் காலி செய்யுங்கள்

சிரிக்க வேண்டாம். டிக்கியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். காரைத் தூக்கும் ஜக், வீல் ஸ்பானர், ஸ்பெயார் வீல், தண்ணீர்ப் போத்தல், போன வாரம் வாங்கி மறந்த தேங்காய் எல்லாம். ஸ்பெயார் வீலை இறுக்கிப் பிடிக்கும் நடுத் திருகு கழன்றிருந்தால் அது அடியிலிருந்து வரும் சத்தம் போலவே கேட்கும். சீற்றுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுங்கள். கதவுப் பைகளையும் பாருங்கள். பின் சீற் பெல்ற்றின் இரும்புக் கொக்கி பிளாஸ்ரிக்கில் தட்டுவதும் உண்டு. காலிக் காரை இரண்டு நாள் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால், ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள்.

அடுத்தது வீல் நட். ரயர் மாற்றி, பஞ்சர் ஒட்டிச் சில நாளில் சத்தம் தொடங்கியிருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எல்லா நட்டையும் ஸ்பானரால் இறுக்கிப் பாருங்கள். ஒன்று சுற்றினாலும், மற்ற மூன்று வீலையும் பார்க்காமல் காரை எடுக்காதீர்கள்.

ஒரு கொப்பியும் பென்சிலும்

பாடசாலைக் கொப்பி ஒன்றை காரிலேயே வைத்தேன். சத்தம் வந்த ஒவ்வொரு முறையும் வண்டியை ஓரம்கட்டி எழுதினேன்: நேரம், இடம், வேகம், எஞ்சின் சூடா குளிரா, மழையா வெயிலா, பிறேக் பிடித்தேனா, எந்தப் பக்கம் திருப்பினேன், பெற்றோல் எவ்வளவு இருந்தது, காரில் எத்தனை பேர், அவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள். இதைவிட முக்கியமாக, சத்தம் வராத பயணங்களையும் எழுதினேன். பலர் விட்டுவிடும் இடம் அதுதான். வராத நாளுக்கும் வந்த நாளுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் திருடன் ஒளிந்திருக்கிறான்.

போனில் பதிவுசெய்வதும் நல்லது. ஆனால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள், “இப்ப பிறேக்”, “இப்ப வலப்பக்கம்” என்று நீங்கள் சொல்வதும் சேர்ந்து பதிவாகட்டும். பிறகு வீட்டில் கேட்கும்போது எந்தச் சத்தம் எதற்கு வந்தது என்று புரியும். என் பதிவு ஒன்றில் பாதி நேரம், கோட்டைக்குள் வீதியை மறித்து நின்ற மானோடு நான் நியாயம் பேசுவதுதான் இருக்கிறது.

சத்தத்துக்கு ஒரு பெயரும் வையுங்கள். ‘டொக்’ என்று தனியாக விழுகிறதா, ‘டக்டக்டக்’ என்று ஒழுங்காக வருகிறதா, தகரம் அதிர்வது போல ‘சர்ர்’ என்கிறதா, ‘கிரீச்’சா, ‘ஊம்ம்’ என்று இழுக்கிறதா. இந்த ஐந்தும் ஐந்து வேறு குடும்பங்கள்.

ஓட்டிப் பார்த்துப் பிரித்தல்

ஞாயிறு அதிகாலை நிலாவெளி வீதி இதற்கு அருமையான இடம். சம்பல்தீவு தாண்டினால் நேரான, தட்டையான வீதி. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எதனால் சத்தம் நின்றது என்று தெரியாது.

முதல் கேள்வி: சத்தம் எஞ்சினோடு போகிறதா, சக்கரத்தோடு போகிறதா? காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எஞ்சின் வேகத்தை மெதுவாக உயர்த்துங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ‘சர்ர்’ என்று தகரம் அதிர்ந்தால் சைலன்சருக்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடுதான் பெரும்பாலும். நிற்கும்போது ஒன்றும் இல்லாமல் ஓடும்போது மட்டும் வந்தால், முன்னும் பின்னும் வாகனம் இல்லாத நேரத்தில் 40இல் போய் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். எஞ்சினை ஒருபோதும் நிறுத்த வேண்டாம். பிறேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். எஞ்சின் வேகம் இறங்கியும் சத்தம் மாறவில்லை என்றால் சக்கரப் பக்கம் தேடுங்கள்.

இனி எண்ணிப் பாருங்கள். 175/70 ஆர்13 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீற்றர் போகும். அதனால் மணிக்கு 20 கிலோமீற்றரில் சக்கரம் விநாடிக்கு மூன்று முறை சுற்றும், 40இல் ஆறு முறை. ‘டக்டக்’ அந்தக் கணக்குக்குச் சரியாக வந்தால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஒன்றுதான் அடிக்கிறது: ரயர் பள்ளத்தில் சிக்கிய கல், வளைந்த டிஸ்க், கழன்ற நட், சக்கரத்தைச் சுற்றவைக்கும் டிறைவ் ஷாஃப்ற். ரயரில் சிக்கிய ஒரு ஆணிக்காக எஞ்சினை இறக்கப் புறப்பட்டவர்களும் உண்டு.

மைதானம் போன்ற திறந்த இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்து, மெதுவாக வட்டமடித்து, கொஞ்சம் அக்ஸிலறேற்றர் கொடுங்கள். ‘கடக் கடக்’ என்றால் டிறைவ் ஷாஃப்ற்றின் வெளிப்பக்க மூட்டான சி.வி. ஜொயின்ற். அதன் ரப்பர் உறை கிழிந்து, வீலின் உட்பக்கம் கிறீஸ் தெறித்திருப்பதே சாட்சி.

‘ஊம்ம்’ என்ற இரைச்சல் வேகத்தோடு கூடினால் வீல் பெயாரிங்காக இருக்கலாம், ரயராகவும் இருக்கலாம். வேறு தளம் போட்ட வீதிக்கு மாறும்போது ஓசை மாறினால் ரயர். பெயாரிங்குக்கு வீதியைப் பற்றிக் கவலையில்லை, பாரத்தைப் பற்றித்தான். வேகம் மாறாமல் வலப்பக்க வளைவில் போகும்போது பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் இடது பெயாரிங்கைச் சந்தேகியுங்கள்.

பள்ளம் மேட்டில் மட்டும் வரும் ‘டொக்’தான் மிகவும் ஏமாற்றும். அதற்கு எனக்குத் தெரிந்த மிக மலிவான சோதனை இது. ஒரு வேகத்தடையை நேராக, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி கடந்து பாருங்கள். பிறகு ஓரமாகப் போய் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் இறக்குங்கள். நேராக ஏறும்போது சத்தமே இல்லாமல், ஒரு பக்கம் இறங்கும்போது மட்டும் டொக்டொக் என்றால், இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க் என்ற சின்னத் தண்டு அல்லது புஷ் என்ற ரப்பர் உருளை தேய்ந்திருக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அந்தக் கம்பி முறுக்கப்படுவதில்லை, அதனால் லிங்குக்கு வேலை இல்லை. கிண்ணியாப் பாலம் இதற்கு நல்லது. 2009இல் திறந்த, 396 மீற்றர் நீளப் பாலம். அதன் இணைப்புகளை இரண்டு சக்கரமும் ஒன்றாகவே கடக்கும். அங்கே சத்தம் வந்தால் லிங்க் மேல் பழி போட முடியாது. என் கார் பெரியம்மா ஏறியிருந்த நாளில் அந்தப் பாலத்தில் டொக் என்றது. இந்தச் சோதனை முதலே தெரிந்திருந்தால் லிங்குக்குக் கொடுத்த காசு மிஞ்சியிருக்கும்.

அதே பள்ளத்தில் பிறேக்கை லேசாகத் தொட்டபடி போங்கள். சத்தம் நின்றுவிட்டால் பிறேக் பாட் அல்லது அதைப் பிடிக்கும் கலிப்பரின் ஊசி ஆடுகிறது. பிறேக் பிடிக்கும்போதும் மறுபடி எடுக்கும்போதும் ஒவ்வொரு டொக் என்றால் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோவர் ஆமின் புஷ் அல்லது எஞ்சினைத் தாங்கும் மவுண்ட். ஓட்டோ கியர் என்றால், நின்றபடி பிறேக்கை நன்றாக மிதித்து டி, ஆர் என்று மாற்றிப் பார்த்தாலும் மவுண்ட் சொல்லிவிடும். கூட நிற்பவர் பொனற்றைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

நீண்ட மதிலோரம் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போனால் எந்தப் பக்கத்துச் சத்தம் என்று எதிரொலியில் தெரியும். ஏதாவது பாடசாலை மதில், விடுமுறை நாளில். கடற்படை முகாம் மதிலோரம் இரண்டு மூன்று முறை ஊர்ந்து திரிந்தால் வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

மழையும் வெயிலும்கூடத் துப்புத்தான். கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் ‘கிரீச் கிரீச்’ என்று முனகி, கார்த்திகை மழை தொடங்கியதும் அடங்கினால் காய்ந்த ரப்பர் புஷ். உறுதிப்படுத்த, நிற்கும் காரை ஒருவர் அமுக்கி ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு புஷ்ஷாக சோப்புத் தண்ணீர் தெளிக்கட்டும். எதை நனைத்ததும் வாய் மூடுகிறதோ அதுதான். எஞ்சின் ஒயிலோ கிறீஸோ ரப்பரில் பூசாதீர்கள், ஊதிப் போய்விடும். மழை இரவுக்குப் பிறகு காலையில் முதல் சில பிறேக்குக்கு மட்டும் வரும் உராய்வுச் சத்தம் டிஸ்கில் படிந்த துரு. அதை மறந்துவிடலாம்.

அடியில் போவதற்கு முன்

வெறும் ஜக்கில் நிற்கும் காருக்கு அடியில் தலையைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு நிமிடம்தானே என்ற கதை வேண்டாம். காரைத் தாங்கும் ஸ்டான்ட் இரண்டு வாங்குங்கள் அல்லது இரவல் எடுங்கள். சீமெந்துக் கல்லை அடுக்க வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். நம் முற்றங்கள் பெரும்பாலும் மணல், ஜக் புதையும். தடித்த பலகை ஒன்றைக் கீழே போடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சைலன்சர் ஆற ஒரு மணி நேரமாவது பொறுங்கள். இந்த வேலைகளில் விருப்பம் இல்லையென்றால், வாகனம் கழுவும் சேர்விஸ் நிலையத்தில் காரை உயர்த்தும்போது பத்து நிமிடம் ரோர்ச்சோடு நிற்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். கழுவுவதற்கு முன்பே பாருங்கள். அழுக்கும் துருவும்தான் தடயம்.

கையால் கேட்பது

உயர்த்திய வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இடமும் வலமும். முன் வீல் இடம்வலமாக மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் ரை ரொட் அல்லது றாக் என்ட். மேல்கீழாக ஆடினால் பெயாரிங் அல்லது லோவர் ஆம் முனையில் இருக்கும் உருண்டை மூட்டான போல் ஜொயின்ற். அப்போது உள்ளே ஒருவரை பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ற்.

சைலன்சர் குழாயை முன்னிருந்து பின்னாகக் கை முட்டியால் அல்லது ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். தகரச் சத்தம் வரும் தகடு ஏறக்குறைய எல்லாப் பழைய காரிலும் ஒன்று இருக்கும். போல்ட் துளை துருப்பிடித்துப் பெரிதாகியிருக்கும். பெரிய துருப்பிடிக்காத ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் முடிந்தது. பெட்டிக்குள் சரளைக்கல் குலுங்குவது போலக் கேட்டால் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரின் உள் அடுக்கு உடைந்திருக்கிறது. குழாயைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்களை விரலால் விரித்துப் பாருங்கள். வெளியில் முழுதாகத் தெரிவது மேல்பக்கத்தில் பாதி கிழிந்திருக்கும். கைப்பிறேக் கேபிளைப் பிடிக்கும் சின்னக் கிளிப்புகளையும் ஆட்டிப் பாருங்கள்.

கண் தேட வேண்டியது பளபளப்பு. எல்லாம் துருவும் சேறுமாக இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வெள்ளியாக மின்னினால், அங்கே இரும்பும் இரும்பும் சந்திக்கின்றன.

காரைத் தரையிலும் பாருங்கள்

இங்கேதான் என் பாஸும் நானும் தவறினோம். காரைத் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கிவிடும். ஓடும்போது முட்டிக்கொள்ளும் இரண்டு பாகங்கள் அப்போது நாலு விரல் தள்ளி, நல்ல பிள்ளைகளாக நிற்கும். காரைத் தூக்கும் ஹொயிஸ்ற்றில் பார்த்ததும் ஒன்றும் இல்லை என்பது அதனால்தான்.

கொப்பியில் ஆறு வாரம் சேர்ந்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். சத்தம் வந்த நாட்களில் ஏறக்குறைய எல்லாம் வெள்ளி. வெள்ளிக்கிழமையில் என்ன விசேஷம்? பின் சீற்றில் இருவர். எஞ்சின் நன்றாகச் சூடு. ஒரு செவ்வாய் மட்டும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. அன்று இரண்டு மூட்டை அரிசி ஏற்றியிருந்தேன். நான் தனியாக ஓடிய நாளில் ஒருமுறைகூட இல்லை. பெரியம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். “அப்ப நான் ஏறினாத்தான் கார் முனகுது எண்டு சொல்லுறியோ?” என்றார். இருந்தாலும் சித்தியோடு வந்து பின் சீற்றில் உட்கார்ந்தார், முற்றத்தில், எஞ்சினை நிறுத்திய காரில், கையில் தேத்தண்ணியோடு.

நான் வெளியே பாயில் படுத்து, பின் பம்பருக்குக் கீழே ரோர்ச் அடித்துப் பார்த்தேன். தலை காருக்கு வெளியேதான். பின் சக்கரங்களை இணைக்கும் பீமுக்கு மேலாக சைலன்சர் குழாய் போகிறது. காலிக் காரில் இரண்டுக்கும் நடுவே என் சுட்டுவிரல் இலகுவாக நுழைந்தது. இருவர் ஏறியதும் பென்சில் நுழையவே தடுமாறியது. குழாயின் அடியில் பத்து ரூபாய்க் குற்றி அளவுக்கு ஒரு பளபளப்பு.

பளபளப்பு பழையதாகவும் இருக்கலாமே. அதனால் அம்மா ரொட்டிக்குப் பிசைந்திருந்த மாவில் ஒரு உருண்டை வாங்கி, பீமின் மேல் அந்த இடத்தில் ஒட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து பார்த்தால், மா தட்டையாக நசிந்து, நடுவில் குழாயின் வளைவு அச்சாகப் பதிந்திருந்தது. மேல்பக்கம் பாதி வெந்தும் இருந்தது. சோக் பூசிவிட்டாலும் இதே வேலை நடக்கும். ஆனால் மா எவ்வளவு ஆழத்துக்கு முட்டுகிறது என்பதையும் காட்டும்.

காரணம் பீமுக்கு முன்னால் இருந்த ரப்பர் வளையம். மேல்பக்கம் கிழிந்து நீண்டதால் குழாய் கொஞ்சம் இறங்கியிருந்தது. சூடு அதற்கு மேல்: 2 மீற்றர் இரும்புக் குழாய் 200 பாகை சூடேறினால் 5 மில்லிமீற்றர் அளவு நீளும், நீண்டு பக்கம் மாறும். தொய்வு, சூடு, பாரம், ஒரு பள்ளம். நாலும் சேர்ந்தால்தான் டொக். இதில் ஒன்று குறைந்தாலும் கார் மௌன விரதம்.

பாஸிடம் போகும்போது

முடிவைச் சொல்லாமல் அறிகுறியைச் சொல்லுங்கள். ‘லிங்க் போயிற்றுது’ என்றால் லிங்கை மாற்றித் தருவார், அவர் பிழையில்லை. ‘பின்னுக்கு இருவர் இருக்க, அரை மணி ஓடிய பிறகு, இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பள்ளத்தில் விழும்போது’ என்றால் அவரே யோசிப்பார். முடிந்தால் நீங்கள் ஓட்டுங்கள், அவரைப் பின் சீற்றில் வையுங்கள். பாகம் கொழும்பில், பஞ்சிகாவத்தையில்தான் கிடைக்கும் என்றால், கழற்றிய பழையதைப் படமெடுத்து அளவோடு அனுப்புங்கள். ரப்பர் வளையங்களில் துளைக்குத் துளை இடைவெளி வேறுபடும்.

சில சத்தங்களுக்குக் கொப்பியும் ஆறு வாரமும் கிடையாது. டொக்கோடு ஸ்டியரிங் தளர்ந்தால், பிறேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கம் இழுத்தால், இரும்பு இரும்பை அரைப்பது பிறேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் கேட்டால், போல் ஜொயின்ற் ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தால், பெற்றோல் மணந்தால், அங்கேயே நிறுத்தி, வண்டியைக் கட்டியிழுத்துக் கொண்டுபோங்கள். சைலன்சர் ஓட்டையாகி காருக்குள் புகை மணந்தாலும் அப்படித்தான்.

என் வளையத்தை அரை மணி நேரத்தில் மாற்றினோம். பக்கத்து வளையமும் அதே வயது என்பதால் அதையும் மாற்றினோம். அடுத்த வெள்ளி அதே இருவர், அதே ஏற்றம், அதே வேகம், பீமில் புது மா உருண்டை. கோட்டை வாசல் தாண்டும்போது மூவரும் பேசாமல் காது கொடுத்தோம். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன், உருண்டை வைத்தபடியே இருந்தது. கொப்பியில் அந்தத் திகதிக்கு நேரே ஒரு கோடு இழுத்தேன். இன்னும் மூன்று வெள்ளிகளுக்கு அப்படியே கோடு விழுந்த பிறகுதான், டிக்கியில் ஜக்கையும் ஸ்பெயார் வீலையும் திரும்ப ஏற்றினேன்.